கீழே ஃபேன், மேலே கணப்பு... வத்தலக்குண்டு மலைச்சாலையில் ஏறும் வெப்பத்தின் கதை!

ஜனவரி மாதக் காலை. வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடைகளில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்து இறங்கியவர்கள், கொடைக்கானல் பஸ்ஸுக்காக ஸ்வெட்டரைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வியர்வையைத் துடைத்தபடி நிற்பார்கள். அதே நேரத்தில், சாலை வழியே 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி இருக்கும் கொடைக்கானல் ஏரிக்கரையில் புல் நுனியெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும். ஊர்க்காரர்கள் குல்லாவும் கம்பளியுமாகத் தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருப்பார்கள்.

இதற்குக் காரணம் உயரம்தான். வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஆறு, ஆறரை டிகிரி குறையும். அப்படியானால் இந்த ஒரே சாலையில் ஏறி முடிப்பதற்குள் 11, 12 டிகிரி காணாமல் போகிறது. ஜனவரியில் கொடைக்கானலின் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 8 டிகிரியை ஒட்டி இருக்கும். வானம் தெளிந்த இரவுகளில் தரையோரம் பூஜ்ஜியத்தையே தொட்டுவிடும்.

தமிழ்நாட்டில் 'வீட்டைக் குளிர வைப்பது எப்படி' என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். 'வீட்டைச் சூடாக்குவது எப்படி' என்று தினமும் யோசிக்க வேண்டிய ஊர்கள் நீலகிரி, பழனி மலை, ஏற்காடு, வால்பாறை என விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. அந்த யோசனைக்குள் விறகு, கேஸ், கரன்ட் பில், காடு, நுரையீரல் எல்லாமே அடங்கியிருக்கின்றன.

மலையின் வாசல்

வெற்றிலைக்குண்டு என்ற பெயர்தான் மருவி வத்தலக்குண்டு ஆனது என்பார்கள். விடுதலைப் போராட்ட வீரர் சுப்ரமணிய சிவா, 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர்.ராஜமய்யர், 'மணிக்கொடி' எழுத்தாளர் பி.எஸ்.ராமையா எனப் பெரிய பெயர்கள் பிறந்த சின்ன ஊர். இன்று வெளியூர்க்காரர்களுக்கு இது கொடைக்கானலின் வாசல். அவ்வளவுதான் தெரியும்.

வாசலில் நின்று கவனித்தால், மேலே என்ன போகிறது, கீழே என்ன வருகிறது என்பது தெரியும். கேஸ் சிலிண்டர் அடுக்கிய லாரி மேலே ஏறும். கீசர், தண்ணீர்த் தொட்டி, தகரத் தகடு, கம்பளி மூட்டை எல்லாம் மேலே ஏறும். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு, பேரிக்காய் கீழே இறங்கும். மலையில் வெட்டிய வாட்டில், யூகலிப்டஸ் மரம் ஏற்றிய லாரிகளும் இறங்கும். ஆக, மலைக்குத் தேவையான வெப்பம் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த வாசல் வழியே ஏறுகிறது. மலையிலேயே கிடைக்கும் வெப்பம் மரமாக நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு வீடும் தன் அடுப்பைத் தேர்ந்தெடுக்கிறது.

ஊரைத் தாண்டினால் காட்ரோடு. மலைப்பாதைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயரே ஊர்ப் பெயராக ஒட்டிக்கொண்ட இடம். அங்கிருந்து ஏற்றம் தொடங்கும். டம்டம் பாறை அருகே வண்டியை நிறுத்தினால், தலையாறு அருவி எலி வால்போல மெலிதாகத் தொங்குவது தெரியும். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். அதன் தண்ணீர்தான் கீழே மஞ்சளாறு அணைக்குப் போகிறது. ஊத்து, பெருமாள்மலை தாண்டும்போது ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மூடப்படும். வெள்ளி நீர்வீழ்ச்சி வருவதற்குள் ஸ்வெட்டர்கள் போட்டாகிவிடும்.

சிம்னி வந்த வழி

1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், கீழே வாட்டிய காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பி இந்த மலையில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். 1875-ல் ரயில் பாதை வந்த பிறகு, அம்மையநாயக்கனூரில் இறங்கி மாட்டு வண்டியில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமந்த நாற்காலியிலோ ஏறினார்கள். அந்த அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம்தான் இன்றைய கொடைரோடு. 1914-க்குப் பிறகு மேஜர் லா என்பவர் போட்ட மலைச்சாலையில்தான் மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கின. வத்தலக்குண்டு வழியாக நாம் இன்று போவது அந்தச் சாலை.

வந்தவர்கள் தங்கள் ஊர் வீட்டையே இங்கே கட்டினார்கள். கருங்கல் சுவர், சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு அடுப்பு, கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிம்னி. பழைய பங்களாக்களில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். பார்க்க அழகுதான். ஆனால் திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி சிம்னி வழியே வானத்துக்குப் போய்விடும். அறையில் இருப்பவர்களுக்கு முகம் சுடும், முதுகு குளிரும்.

இந்தக் கணப்பை இங்கே கொண்டுவந்தவர்களின் ஊரிலேயே அது நிலைக்கவில்லை. 1952 டிசம்பரில் லண்டனை நிலக்கரிப் புகைமூட்டம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. லண்டன் வீடுகள் மெல்ல மெல்ல நிலக்கரிக் கணப்பைக் கைவிட்டு கேஸுக்கும் மின்சாரத்துக்கும் மாறின. கொடைக்கானல் சிம்னிகளுக்கு அப்படி ஒரு சட்டமும் வரவில்லை, அப்படி ஒரு நெருக்கடியும் வரவில்லை.

ஆனால் விறகுத் தேவை மலையின் தோலையே மாற்றியது. பழனி மலையின் மேல்பகுதி, அடர்ந்த சோலைக்காடும் திறந்த புல்வெளியும் மாறி மாறி வரும் நிலம். 'சும்மா கிடக்கும்' புல்வெளியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டிலும் யூகலிப்டஸும், இவற்றோடு பைனும் நடப்பட்டன. விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு, பிறகு காகிதக் கூழுக்கு. நட்ட இடத்தோடு வாட்டில் நிற்கவில்லை. விதை விழுந்த இடமெல்லாம் முளைத்துப் பரவியது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, 40 ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று சொன்னது. மரத் தோட்டங்களும் விவசாயமும்தான் முக்கியக் காரணங்கள்.

ஓர் அடுப்பு, ஐந்து வேலை

கொடைக்கானல் நகரத்தைத் தாண்டி மேற்கே போனால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி. படிக்கட்டு வயல்களில் பூண்டும் கேரட்டும் விளையும் ஊர்கள். இந்த மலைப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வளர்க்கும் பாரத் மெரினோ ஆடுகளின் ரோமம் கம்பளிக்கானது. குளிருக்கு உடம்பே போட்டுக்கொள்ளும் முதல் வேலி அதுதான்.

இந்த ஊர்களின் பழைய வீடுகளில் அடுப்பங்கரையை நன்றாகக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். விறகு அடுப்பு ஒன்றுதான். அது செய்யும் வேலையோ ஐந்து.

ஒன்று, சமையல். இரண்டு, குளியலுக்கு வெந்நீர். மூன்று, வீட்டுக்குச் சூடு. மாலையானால் குடும்பமே அடுப்படியில்தான் உட்காரும். நான்கு, மழை மாதங்களில் துணி காய்வது. ஐந்து, பூண்டைப் பாதுகாப்பது. விதைப் பூண்டைக் கட்டுக் கட்டாக மேலே தொங்கவிட்டுப் புகை படவைத்து வைத்திருப்பது மலைக் கிராமங்களின் பழைய வழக்கம். புகை, கண்ணுக்கும் நெஞ்சுக்கும் எமன், பூண்டுக்கோ காவல்.

இந்த ஐந்து வேலைகளையும் எண்ணாமல், 'ஏன் இன்னும் விறகை விடவில்லை' என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடைக்காது.

சிலிண்டர் வந்தது, விறகும் இருந்தது

தமிழக அரசு கேஸ் அடுப்புகளை இலவசமாகக் கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. இன்று மலைக் கிராமங்களிலும் சிலிண்டர் இருக்கிறது. காலையில் எழுந்ததும் டீ, குழந்தைக்குப் பால், அவசரச் சமையல் எல்லாம் அதில்தான்.

ஆனால் கேஸ் அடுப்பு எடுத்துக்கொண்டது ஐந்தில் ஒரு வேலையை மட்டும். சிலிண்டரில் அண்டா நிறைய வெந்நீர் போட யாருக்கும் மனசு வராது. கேஸ் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காயவும் முடியாது. அதனால் விறகு பின்வாசலில் அடுக்கியபடியே இருக்கிறது.

இது கொடைக்கானலில் மட்டும் நடப்பது இல்லை. வருமானம் உயர உயர மக்கள் ஏணிப்படி ஏறுவதுபோல விறகை விட்டு மண்ணெண்ணெய், அதை விட்டு கேஸ், பிறகு மின்சாரம் என்று மாறுவார்கள் என்றுதான் நிபுணர்கள் நீண்ட காலம் நம்பினார்கள். மெக்சிகோ கிராமங்களை ஆராய்ந்த ஓமர் மசேராவும் அவருடைய சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் அந்த ஏணியைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். மக்கள் பழைய அடுப்பை விட்டுவிட்டுப் புதியதுக்குப் போவதில்லை. பழையதன் மேல் புதியதை அடுக்கிக்கொள்கிறார்கள் என்றார்கள். வீட்டுக்கு இரண்டு, மூன்று எரிபொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

விலை கொடுப்பது யார் என்பதும் முக்கியம். விறகு 'இலவசம்'. ஆனால் அதைப் பொறுக்கிக் கட்டித் தலையில் சுமந்து வருவது பெரும்பாலும் பெண்கள். அடுப்படிப் புகையை அதிகம் சுவாசிப்பதும் அவர்களும் அவர்கள் மடியில் இருக்கும் குழந்தைகளும்தான். வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் உலகம் முழுக்க 2020-ல் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

ஒரு குளியலின் கணக்கு

இனி ஒரு சின்னக் கணக்கு. கொடைக்கானலில் நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 80 லிட்டர் வெந்நீர். குழாயில் வரும் தண்ணீர் 15 டிகிரி, குளிக்க 45 டிகிரி வேண்டும். இந்த 30 டிகிரியை ஏற்ற என்னென்ன செலவாகும்?

விறகு அடுப்பில் என்றால் சுமார் 5 கிலோ. திறந்த அடுப்பில் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்குகூடப் பாத்திரத்துக்குப் போவதில்லை.

கேஸ் அடுப்பில் என்றால் சுமார் 360 கிராம். அதாவது 14.2 கிலோ சிலிண்டர், குளியலுக்கு மட்டுமே 40 நாளில் காலி.

கீசரில் என்றால் சுமார் 3 யூனிட். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016 முதல் இருக்கும் சலுகை. கீசர் ஒன்றே அதைத் தின்று தீர்த்து, மீதி பில்லை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடும். இதில் 2,000 வாட் ரூம் ஹீட்டரை இரவில் 3 மணி நேரம் போட்டால், இரண்டு மாதத்துக்கு இன்னொரு 360 யூனிட். ஹீட்டரை ஆசையாக வாங்கிய வீடுகள், முதல் பில் வந்ததும் அதைப் பரணில் ஏற்றிவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது கார்பன் கணக்கு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஆக, கேஸில் போட்ட வெந்நீருக்கு நாளுக்கு ஏறத்தாழ 1.1 கிலோ. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ. அப்படியானால் கீசருக்கு நாளுக்கு 2.1 கிலோ. புகையே இல்லாத கீசர், கேஸ் அடுப்பைவிட இரண்டு மடங்கு கார்பனை வெளியேற்றுகிறது. அந்தப் புகை கொடைக்கானலில் தெரியாது. அனல் மின் நிலையத்தில் தெரியும்.

விறகின் கணக்கு இன்னும் குழப்பமானது. வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளர்ந்தால் அந்தக் கார்பன் திரும்பிவிடும் என்பார்கள். வாட்டிலை வெட்டி எடுத்தால் புல்வெளிக்கு நல்லதுதான் என்றும் சொல்லலாம். ஆனால் 2013 முதல் இந்த மலையின் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். எதை வெட்டலாம், எவ்வளவு எடுக்கலாம் என்பது வனத்துறையின் முடிவு. விறகு தேடிப் போகும் கை வாட்டிலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது. அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு வாட்டில் புகையும் சோலை மரத்துப் புகையும் ஒன்றுதான்.

ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்டால்...

கீசரும் விறகும் தவிர, வேறு வழியே இல்லையா? இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, மொட்டைமாடியில் வைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர். 'பனி விழுற ஊர்ல வெயில் ஏது' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உறைபனி விழுவது வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில்தான். அடுத்த நாள் பகல் பளிச்சென்று வெயில் அடிக்கும். ஆக, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, குளிர் உச்சத்தில் இருக்கும்போதே சோலார் நன்றாக வேலை செய்யும். சிக்கல், அக்டோபர், நவம்பர் மழையிலும் மேகம் இறங்கி நிற்கும் நாள்களிலும்தான். அந்த நாள்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும். அதனால் சோலார் வைத்த வீட்டிலும் கீசரோ அண்டாவோ போகாமல் கூடவே இருக்கும்.

இரண்டாவது, ஹீட் பம்ப். பெயர்தான் புதிது, வேலை பழையது. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தால் சுடும். உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ளுவதால் வரும் சூடு அது. ஹீட் பம்ப் அதையே திருப்பிச் செய்கிறது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சித் தண்ணீருக்கோ அறைக்கோ கொடுக்கிறது. அது வெப்பத்தை உருவாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது. நம் கணக்கில் கீசருக்கு 3 யூனிட் என்றால் ஹீட் பம்புக்கு 1 யூனிட். இரண்டு மாதத்துக்கு 60. கார்பன், நாளுக்கு 0.7 கிலோ. கேஸைவிடக் குறைவு. தேனி, கயத்தாறு, ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் சோலார் மின்சாரமும் கூடக்கூட அது இன்னும் குறையும்.

'எட்டு டிகிரிக் குளிரில் வெப்பம் எங்கே இருக்கிறது உறிஞ்ச' என்று கேட்கலாம். நார்வேயில் குளிர்காலம் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான். அங்கே பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் இருக்கிறது. ஒஸ்லோவில் வாழும் ஈழத்தமிழர்களைக் கேட்டால், வீட்டுச் சுவருக்கு வெளியே ஏசி பெட்டிபோல ஒன்று நிற்பதையும் அதுதான் வீட்டைச் சூடாக்குவதையும் சாதாரணமாகச் சொல்வார்கள். அவர்கள் குளிரோடு ஒப்பிட்டால் கொடைக்கானல் குளிர் செல்லக் குளிர். நம் ஊர்க் கடைகளில் 'ஹாட் அண்ட் கோல்டு' என்று விற்கும் ஏசியும் ஹீட் பம்ப்தான்.

பிறகு ஏன் வீட்டுக்கு வீடு வரவில்லை? முதல் காரணம் விலை. கீசரைவிடப் பல மடங்கு. இன்னொரு காரணம், ஓட்டையான வாளியில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. தகரக் கூரையும் இடுக்கு விட்ட ஜன்னலும் உள்ள வீட்டில் எதை வைத்துச் சூடாக்கினாலும் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். கூரைக்கு அடியில் ஒரு சீலிங், கதவிடுக்கில் ஒரு பட்டை, கனமான திரைச்சீலை. செலவு குறைந்த இந்த வேலைகள்தான் முதலில் வர வேண்டியவை. பழைய பங்களாக்களில் வெயில் படும் தாழ்வாரத்தைக் கண்ணாடி வைத்து அடைத்திருப்பார்கள். பகல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இலவச ஹீட்டர் அது.

யார் முதலில் மாறுவார்கள்?

குடும்பங்கள் எப்போது, ஏன் வெப்பமூட்டும் முறையை மாற்றுகின்றன என்பதை இப்போது உலகம் முழுக்கக் கணினியில் மாதிரி போட்டுப் பார்க்கிறார்கள். கணினிக்குள் ஆயிரக்கணக்கான பொம்மைக் குடும்பங்களை உருவாக்குவார்கள். ஒன்றுக்கு வருமானம் குறைவு, ஒன்று வாடகை வீடு, ஒன்றின் கீசர் பழுது, ஒன்றின் பக்கத்து வீட்டில் புதிதாக ஹீட் பம்ப். மானியம் கொடுத்தால் என்ன ஆகும், கேஸ் விலை ஏறினால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்ப்பார்கள்.

கொடைக்கானலுக்கு அப்படி ஒரு மாதிரி போட்டால், விலை மட்டும் போதாது. குறைந்தது நான்கு விஷயங்களையாவது சேர்க்க வேண்டும்.

முதலாவது, யாருடைய வீடு? கொடைக்கானலில் காட்டேஜ், வாடகை வீடு, ஊழியர் குடியிருப்பு என அடுத்தவர் கட்டடத்தில் வாழ்பவர்கள் அதிகம். ஹீட் பம்ப் வாங்கும் செலவு வீட்டுக்காரருக்கு. குறைந்த பில்லின் லாபம் குடியிருப்பவருக்கு. லாபம் வராத இடத்தில் வீட்டுக்காரர் ஏன் பணம் போடுவார்? 500 ரூபாய் ஹீட்டர் ராடுதான் வாங்கி மாட்டப்படும்.

இரண்டாவது, எப்போது? நன்றாக வேலை செய்யும் கீசரை யாரும் கழற்றுவதில்லை. அது பழுதாகும் நாளில், அதுவும் குளிர்காலத்தில், இன்றே வெந்நீர் வேண்டும் என்ற அவசரத்தில் வாங்குகிறார்கள். அப்போது வத்தலக்குண்டு கடையில் எது ஸ்டாக் இருக்கிறதோ, பிளம்பர் எதைச் சொல்கிறாரோ, அதுதான் அடுத்த பத்து வருடத்துக்கு. ஆக, பிளம்பருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் சொல்லிக்கொடுக்காத எந்தத் திட்டமும் மலை ஏறாது.

மூன்றாவது, பக்கத்து வீடு. புதிய பொருள்கள் ஊருக்குள் எப்படிப் பரவுகின்றன என்பதை எவரெட் ரோஜர்ஸ் 1962-லேயே எழுதினார். துணிந்து முதலில் வாங்குபவர்கள் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர்தான். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து வாங்குகிறார்கள். கலிஃபோர்னியாவில் சோலார் பேனல்களைப் பற்றி 2012-ல் வந்த ஆய்வும், ஒரு பகுதியில் ஒரு வீடு பொருத்தினால் அதே பகுதியில் அடுத்தவர் பொருத்தும் வாய்ப்பு கூடுகிறது என்று காட்டியது. நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை. 'அவங்க வீட்ல போட்டிருக்காங்களாம், பில் குறைஞ்சிருக்காம்' என்ற ஒரு வரி, பத்து விளம்பரத்துக்குச் சமம்.

நான்காவது, எத்தனை வேலை? குளியல் வெந்நீர் சோலாருக்கு மாறலாம். சமையல் கேஸுக்கு மாறிவிட்டது. அறைச் சூட்டுக்கு சீலிங்கும் கம்பளியும் பாதி பதில். ஆனால் பூண்டுக்குப் புகை? துணி காய? அவற்றுக்கு மாற்று கிடைக்கும்வரை விறகு அடுப்பு அணையாது. அடுப்பை மாற்றுவதாக நினைத்துப் போடும் திட்டங்கள் தோற்கும். வேலைகளை ஒவ்வொன்றாக மாற்றும் திட்டங்கள் நிற்கும்.

இதில் முதல் அடி எடுத்து வைக்க வசதியானவர்கள், பூம்பாறை விவசாயிகள் அல்ல. 20, 30 அறைகளுக்குத் தினமும் வெந்நீர் போடும் ஹோட்டல்கள், காட்டேஜ்கள், பள்ளி விடுதிகள். அவர்களுக்கு வெந்நீர்ச் செலவு பெரிது. அதனால் ஹீட் பம்புக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். அங்கே பொருத்திப் பழகிய பிளம்பர்தான் நாளை கிராமத்து வீட்டுக்கும் போவார்.

கரி அடுப்பு என்னும் எமன்

2024-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர்கள் இருவர், பார்பிக்யூ சமைத்த கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை.

கரி கனியும்போது புகை வராது. அதனால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரிச்சல்கூட இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். லேசான தலைவலி, மயக்கம், தூக்கம். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கி மூடிய அறையில் இது இன்னும் வேகமாக நடக்கும். கிராமத்து வீட்டின் குமுட்டி அடுப்புக்கும் இது பொருந்தும், காற்று வெளியேறாத பாத்ரூமில் மாட்டிய கேஸ் கீசருக்கும் பொருந்தும்.

கொடைக்கானல் போகிறீர்களா?

* அறை பதிவு செய்யும்போது 'ஹீட்டர் இருக்கா' என்று மட்டும் கேட்காதீர்கள். 'வெந்நீர் சோலாரா' என்றும் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்பதைத்தான் காட்டேஜ்காரர்கள் பொருத்துவார்கள்.

* கரி அடுப்பு, விறகு, பார்பிக்யூ எதையும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். 'அணைஞ்சிடுச்சு' என்று தோன்றினாலும் வெளியிலேயே இருக்கட்டும்.

* அறையில் கணப்பு இருந்தால், சிம்னி அடைப்பு இல்லாமல் இருக்கிறதா என்று கேட்ட பிறகே மூட்டச் சொல்லுங்கள். தூங்கும் முன் முழுதாக அணையுங்கள். ஒரு ஜன்னலில் இடைவெளி விடுங்கள்.

* ஆளுக்கு ஒரு கேம்ப் ஃபயர் வேண்டாம். ஒரு தீ, எல்லோரும் சுற்றி உட்காரலாம். அதில் எரியும் விறகும் இந்த மலையிலிருந்து வந்ததுதான்.

* அறை முழுவதையும் சூடாக்குவதைவிட, உடம்பைச் சூடாக வைப்பது மலிவு. கம்பளி, சாக்ஸ், குல்லா, படுக்கையில் ஒரு வெந்நீர்ப் பை.

* கோடையில் கொடைக்கானல் போவதற்கு இ-பாஸ் முறை 2024 மே முதல் நடைமுறைக்கு வந்தது. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது டம்டம் பாறையில் மறுபடியும் வண்டியை நிறுத்தலாம். மேலே புல்வெளி பஞ்சுபோல மழையை உறிஞ்சி, சோலை வழியே கொஞ்சம் கொஞ்சமாக விடும் தண்ணீர்தான் தலையாறாக விழுந்து, மஞ்சளாறாக வத்தலக்குண்டுப் பக்கத்து வயல்களை நனைத்து, வைகையில் சேர்கிறது. மேலே ஒரு வீட்டில் வெந்நீருக்கு எது எரிகிறது என்பது, கீழே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களின் பிரச்னையும்தான்.